ஊரே திருத்திய விடைத்தாள்

சென்ற மாதம் இரண்டு இளம் ஆசிரியர்கள் குன்றத்தூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஏதோ கருத்தரங்காம். ‘கல்வியில் சமூக ஊடகங்களின் பங்கு’ என்று தலைப்பாம். ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற முறையில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

“கொஞ்சம் பாசிட்டிவா பேசினா நல்லா இருக்கும் டீச்சர்” என்றார் ஒருவர்.

“லைவ்ல போகும் டீச்சர்” என்றார் மற்றவர்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். இல்லை, கோபத்தில்தான் சொன்னேன். காபி கொடுத்து அவர்களை அனுப்பிய பிறகு மனசு ஆறவில்லை. மேடையில் சொல்லாததை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாசிட்டிவாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கணக்கு ஆசிரியை. பி.எட். முடித்தது, தற்காலிக வேலை, வாலாஜாபாத்தில் சில வருஷம், காஞ்சிபுரத்துப் பக்கம் சில வருஷம் என்று ஓடியதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2006இல் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். அப்போதுதான் சாலையின் இரு பக்கமும் கம்பெனிகளின் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பள்ளிதான்.

பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டவற்றில் ஒன்றை மட்டும் நான் கடைசிவரை விடவில்லை. அது விடைத்தாள் திருத்தும் முறை. தாள்கட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு தாளின் முகப்பையும் பின்பக்கமாக மடித்துவிடுவது. யாருடையது என்று தெரியாமல் திருத்த வேண்டும். ஒரு வினாவை எல்லாத் தாளிலும் திருத்தி முடித்த பிறகே அடுத்த வினா. கூட்டிப் பார்த்து, மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மடிப்பைப் பிரித்துப் பெயரைப் பார்ப்பது. கொடுக்கும்போது ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிட்டு, மதிப்பெண் தெரியாதபடி கவிழ்த்துக் கையில் கொடுப்பது. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் அப்படித்தான், பூஜ்யம் வாங்கிய பிள்ளைக்கும் அப்படித்தான். பிள்ளை எனக்கு எழுதியது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் காட்டும் புண்ணைத் தெருவில் காட்டமாட்டோம் அல்லவா, அவ்வளவுதான்.

ஞானசேகரன் சார் தலைமையாசிரியராக வந்த பிறகு பள்ளியின் நடையே மாறியது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கழிவறைக்குத் தண்ணீர் வரவழைத்தவர் அவர்தான். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பெரிய செல்போன் வாங்கினார். தலைமையாசிரியர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், அதில் அதிகாரிகளும் இருந்தார்கள். அன்றிலிருந்து அவருடைய பள்ளி அந்தக் குரூப்புக்குள் போய்விட்டது. போனைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, வந்த செய்தியை ஒருமுறை உரக்கப் படிப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பதிலை எழுத்துக்கூட்டி உரக்கச் சொல்லிக்கொண்டே ஒரு விரலால் தட்டுவார். எதிரில் யார் நின்றாலும் அது முடிகிறவரை நிற்க வேண்டும்.

எந்த விஷயத்தைக் கொண்டு போனாலும் அவருடைய முதல் கேள்வி, “போட்டோ எடுத்தீங்களா டீச்சர்?”

காலையில் கரும்பலகையில் தேதியும் பாடத் தலைப்பும் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைவிட மோசம், அவரே வகுப்புக்கு வருவது. நான் தேற்றத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் வாசலில் நின்று, “எல்லாரும் கையைத் தூக்குங்க” என்பார். பிள்ளைகள் தூக்குவார்கள். படம் எடுப்பார். “ம், இறக்கலாம்” என்பார். போய்விடுவார். நான் எந்தக் கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். கேள்வியே இல்லாமல் வகுப்பு முழுக்கக் கை தூக்கி நிற்கும் அந்தப் படத்துக்குக் குரூப்பில் ‘சிறப்பு’ என்று பதில் வரும். அதையும் ஆசிரியர் அறைக்கு வந்து உரக்கப் படித்துக் காட்டுவார்.

இந்த நேரத்தில்தான் முத்துக்குமார் சமூக அறிவியலுக்கு வந்து சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். படப்பையில் கம்பெனிப் பையன்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். துடிப்பான ஆள், பாடம் நன்றாகவே நடத்துவார். பள்ளியின் பெயரில் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, வரைபடங்களை எளிதாகக் குறிப்பது எப்படி என்று கையால் வரைந்து போட்டார். அவருடைய அறையிலேயே இருந்த ஒரு தொழிலாளி, பத்தாம் வகுப்பில் தவறியவர், கம்பெனி பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துப் பார்த்துப் படித்துத் தனித்தேர்வில் தேறினார். இதை நான் மறைக்கவில்லை. அந்தக் கருத்தரங்கில் பேசியிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தை வரைபடத்துக்காகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அது முத்துக்குமாருக்குப் போதவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எடுத்துப் பார்ப்பார். ஞானசேகரன் சாரும், “இன்னும் கொஞ்சம் சுவாரசியமா போடுங்க தம்பி” என்று உற்சாகப்படுத்துவார்.

2014ஆம் வருஷம், காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்த சமயம். படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பையன்கள் ஒரு போனை நடுவில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஒரு பையன் மரியாதையாகவே போனை நீட்டினான்.

“நீங்க டீச்சரா மேடம்? இதப் பாருங்க, ஒரு பொண்ணு இன்னாமா எழுதிக்கீது பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் கையெழுத்து தெரிந்துவிட்டது. ‘ற’வின் வாலை இழுத்து அடுத்த எழுத்துக்கு அடியில் கோடு போடும் பழக்கம் என் வகுப்பில் ஒரே பிள்ளைக்குத்தான் உண்டு. நான் வகுப்பாசிரியையாக இருந்த பத்தாம் வகுப்பு எஸ்தர்.

ஐந்து மதிப்பெண் வினா. ‘தொழில்மயமாதலின் விளைவுகளை விவரி.’ அவள் எழுதியிருந்தது இது:

‘தொழில்மயம் ஆனதால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது இல்லை. ரூத் அக்கா நைட் ஷிப்ட் போனால் நான் எழுந்திருக்கும்போதுதான் அவள் வந்து படுப்பாள். நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுக்கிறோம், ஆனால் சேர்ந்து படுப்பது இல்லை. அம்மா கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறார். மீந்துபோன கேசரியைக் கவரில் போட்டு எடுத்து வருவார். அதனால் விசேஷம் இல்லாத நாளிலும் எங்கள் வீட்டில் கேசரி உண்டு. கம்பெனி பஸ்ஸில் ஏசி உண்டு. எங்கள் பள்ளிக்கு பஸ்ஸே இல்லை. இவை தொழில்மயமாதலின் விளைவுகள் ஆகும்.’

ஓரத்தில் சிவப்பு மையில் ஐந்துக்கு ஒரே ஒரு மதிப்பெண். மேலே முத்துக்குமாரின் வாசகம்: ‘தொழில் வளர்ந்தா கேசரி கிடைக்குமாம்! முடியல சாமி!’ அதற்குக் கீழே ஊர் உலகமெல்லாம் சிரித்திருந்தது.

முகப்பில் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தார். பள்ளியின் முத்திரை மறையவில்லை. விடைக்குள் ரூத்தின் பெயர் இருந்தது. எங்கள் ஊரில் கம்பெனிக்குப் போகும் ரூத் என்றால் ஒரே ரூத்தான்.

பள்ளிக்குப் போனதும் நேராக முத்துக்குமாரிடம் போனேன்.

“என்ன சார் இது?”

“பாத்துட்டீங்களா டீச்சர்? எங்கெங்கேயோ போயிட்டு இருக்கு!” என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு குறைந்தது. “சும்மா ஜாலிக்குப் போட்டேன் டீச்சர். பேரை மறைச்சுத்தான போட்டிருக்கேன்.”

“எடுங்க அதை.”

எடுத்தார். நியாயமாகச் சொன்னால், உடனே எடுத்தார். ஆனால் அதற்குள் அவருடைய முகநூல் பக்கத்தின் தயவு இல்லாமலே அது நடமாட ஆரம்பித்துவிட்டது. யார் யாரோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். பள்ளி முத்திரை இருந்ததால் ஞானசேகரன் சாரின் குரூப்புக்கும் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, போனைத் தூர நீட்டிப் படித்துக் காட்டி, “ஸ்கூல் பேர் கெட்டுப்போச்சு டீச்சர். நீங்க வகுப்பாசிரியை, அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா எழுதச் சொல்லித் தரலையா?” என்றார். 

எஸ்தர் அன்றைக்கு வந்திருந்தாள். யாரோ ஒருவன் பின்வரிசையிலிருந்து “கேசரி” என்றான். சாப்பாட்டு நேரத்துக்குள் அதுவே அவள் பெயராகிவிட்டது. நான் வகுப்பில் அதட்டினேன். அதட்டினால் என் எதிரில் மட்டும் அடங்கும், அவ்வளவுதான். மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ராணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் கேண்டீனில் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“இன்னாத்துக்கு வந்தீங்க டீச்சர்? இன்னும் போட்டோ புடிக்கணுமா?”

“எஸ்தரைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்மா. நீங்க வேலைக்குப் போகலையா?”

“நிறுத்திட்டான்.” துணியை உதறிக் கொடியில் போட்டார். “கேட்ல நிக்க வெச்சு போனக் காட்னான் சூப்ரவைசரு. ‘கேண்டீன் பொருள வெளிய எடுத்துக்கினு போறியா, உம் பொண்ணே எழுதிக் குடுத்துட்டாளே’ன்றான். கொட்டப்போற கேசரி டீச்சர் அது. எல்லாரும் எடுப்பாங்க. அவனும்தான் எடுப்பான். ஆனா எங்க வூட்டுப் பேரு மட்டும் போன்ல கீதே.”

 உள்ளே எஸ்தர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கூப்பிட்டேன். வரவில்லை.

“அவளத் திட்டாதீங்கம்மா. அவ ஒண்ணும் தப்பா எழுதலை.”

“திட்டாம? நல்லா வாங்குனா எங்கிட்ட.” ராணி என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. “ஒண்ணு கேக்கறேன் டீச்சர், படிச்சவங்க நீங்க. பரிட்சப் பேப்பர்ல எழுதுனா வாத்தியாருதானே படிப்பாரு? எங் கம்பெனிக்காரன் எப்டிப் படிச்சான்?”

 அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். கேண்டீன் ஒப்பந்தக்காரருடைய ஆள் வெளி கேட்டுக்கே வந்தார். உள்ளே விடவில்லை. நான் பேசப் பேச அவர் பார்வை கையிலிருந்த போனிலேயே இருந்தது. “மேடம், எனக்கும் பாவமாத்தான் இருக்குது. உள்ளாற கம்பெனிக்காரங்க எச்.ஆர். வரைக்கும் இதப் பாத்துட்டாங்க. ‘உங்க ஆளு சாப்பாடு கடத்துது’ன்னு எங்கள வையறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார். பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “லெட்டர யாரு மேடம் பாக்கறாங்க? போட்டோதான் பாக்கறாங்க.”

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, காலை வழிபாடு முடிந்து நாங்கள் ஆசிரியர் அறையில் இருந்தோம். ரூத் வந்து நின்றாள். இரவு வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து பள்ளிக்கு எதிரிலேயே இறங்கி வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. அவளும் எங்கள் பள்ளியில் படித்தவள்தான்.

“முத்துக்குமார் சார் யாரு?”

அவர் எழுந்தார். “நான்தான்மா. உக்காருங்க.”

“உக்காந்தா தூங்கிடுவேன் சார்.” எஸ்தர் கடைசியாக வந்த அன்று வகுப்பில் வாங்கிப்போன விடைத்தாள் அவள் கையில் இருந்தது. மேஜைமேல் வைத்தாள். “ஒரு மார்க்கு போட்டிருக்கீங்க. இதுல எது தப்புன்னு சொல்லுங்க. அவ கிட்ட போய்ச் சொல்லணும்.”

முத்துக்குமார் தாளை எடுத்துப் பார்த்தார். எனக்கென்னவோ, அன்றுதான் அவர் அதை முழுசாகப் படித்தார் என்று தோன்றியது.

“தப்புன்னு இல்லம்மா. ஆன்சர் கீயில உள்ள பாயின்ட் எதுவும் வரல. வேலைவாய்ப்பு, நகர்மயம், குடும்ப அமைப்பு மாற்றம்னு தலைப்புப் போட்டு எழுதணும்.”

“நாங்க ஒண்ணாச் சாப்பிடறதில்லன்னு எழுதியிருக்காளே. அது குடும்பத்துல மாத்தம் இல்லியா?”

அவர் தாளை மேஜைமேல் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவர் சொன்னதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. மனம் வருந்தித்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை.

“தங்கச்சி, நான் செஞ்சது தப்புத்தான். நான் வேணா மன்னிப்புக் கேட்டு ஒரு போஸ்ட் போட்டுடுதேன்.”

ரூத் அவரையே பார்த்தாள். “இன்னொரு போஸ்டா சார்?”

 ரூத் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். “எங்க வூட்டப் பத்தி இனிமே எதுவும் எழுதாதீங்க சார். நல்லதாக் கூட எழுதாதீங்க. அது போதும். நாளைக்கு அவள நானே இட்டுக்கினு வந்து விடறேன்.” என்னிடம் மட்டும் திரும்பித் தலையசைத்துவிட்டுப் போனாள்.

சொன்னபடியே அழைத்து வந்தாள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சத்தமில்லாமல் வகுப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஞானசேகரன் சார் தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் போன். பூங்கொத்தை எப்போது வாங்கச் சொன்னாரோ தெரியாது.

“இடைநின்ற மாணவியை மீட்டு வந்திருக்கோம் டீச்சர். பெரிய விஷயம். மேலிடத்துல ரொம்ப சந்தோஷப்படுவாங்க. நீங்க பொக்கே குடுக்கற மாதிரி நில்லுங்க. எஸ்தர், கொஞ்சம் சிரிம்மா.”

அவர் போனைத் தூக்கினார். நான் போய்க் கையை விரித்து அதன் முன்னால் வைத்தேன். அதிகாரியிடம் அப்படி நடந்துகொண்டது என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

“டீச்சர், கையை எடுங்க. மறைக்குது.”

“மறைக்கத்தான் சார் வெச்சிருக்கேன்.”

“ஸ்கூலுக்கு நல்ல பேர் வர்ற விஷயம் டீச்சர்!”

“அவ மொதல்ல உள்ள போகட்டும் சார்.”

எஸ்தர் போய்விட்டாள். சார் அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பூங்கொத்தை வீணாக்கவில்லை. அன்று மாலையே வேறொரு பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து எதற்கோ அனுப்பினார்.

முத்துக்குமார் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். வரைபடங்களும் அதோடு போயின. அதற்கு அவசியமே இல்லை என்று அவரிடமே சொன்னேன், அவர் கேட்கவில்லை. எதையும் அளவோடு செய்ய அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ராணிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சில மாதம் ரூத்தின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பிறகு வாலாஜாபாத்தில் ஒரு திருமண மண்டபத்தில் சமையலுக்கு உதவியாக ராணி போக ஆரம்பித்தார். வழியில் பார்த்தால் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குள் வாங்க என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

எஸ்தர் ஒழுங்காக வந்தாள். “கேசரி” என்று கூப்பிட்டவர்களுக்கும் கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதித் தேறினாள். பிறகு பாலிடெக்னிக்கும் போனாள். ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று யாராவது சொல்லலாம். ஞானசேகரன் சார் அப்படித்தான் சொன்னார்.

நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் பொதுத்தேர்வுக்கு முன்னால் நடந்த அரையாண்டுத் தேர்வு.

ஜனவரியில் ஒருநாள் முத்துக்குமார் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் பழைய மலர்ச்சி. “டீச்சர், நம்ம எஸ்தர் பேப்பர். நகர்மயமாதல் பத்தி அஞ்சு மார்க் கேள்வி கேட்டிருந்தேன். எப்படி எழுதியிருக்கா பாருங்க. முழு மார்க் போட்டுட்டேன்.”

பார்த்தேன். தலைப்புகள், அடிக்கோடுகள், எண்கள். புத்தகத்தில் இருந்த வாக்கியங்கள், காற்புள்ளி பிசகாமல். ‘ற’வின் வாலைக்கூட அவள் சுருக்கிவிட்டிருந்தாள். யாருடைய தாளாகவும் அது இருந்திருக்கலாம். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். 

மதியம் எஸ்தரைத் தனியே கூப்பிட்டேன்.

“நல்லா எழுதியிருக்கே. முழு மார்க் வந்திருக்கு. ஆனா ஏம்மா, உன் சொந்த வார்த்தையில ஒரு வரிகூட எழுதலை?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமோ வருத்தமோ இல்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோலச் சொன்னாள்.

“புக்குல இருக்கறத எழுதுனா யாரு டீச்சர் போட்டோ எடுப்பாங்க?”

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.